குறிப்பு: இல்லை

கார்த்திகையில் ஒரு ராத்திரி, இரண்டு மணி தாண்டி,
மதகு தளும்பத் தளும்ப
மூன்றாம் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.
பல்சக்கரத்தில் பூட்டு நழுவிற்று.
கைப்பிடி பின்னோக்கிச் சுழன்றது.
காய்ந்த தென்னைமட்டையை யாரோ மிதித்த சத்தம்.
அது என் கைதான் என்று புரியக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

படிவத்தில் ஒரு கட்டம்: விபத்துக்கான காரணம்.
இடது கையால் 'தண்ணீர்' என்று எழுதிக் கொடுத்தேன்.
மன்னார்குடி ஆபீசில் அதை அடித்துவிட்டு
'கவனக்குறைவு' என்று போட்டார்கள்.
நல்ல கையெழுத்து. குறை சொல்ல முடியாது.

புத்தூர்க் கட்டா மாவுக்கட்டா என்று
மச்சான்கள் வாசலில் வாதாடி முடிப்பதற்குள்
திருவாரூரில் பிளேட் வைத்துவிட்டார்கள்.
ஆறு திருகாணி. எக்ஸ்ரேயில் பார்த்தேன்,
மதகில் இருப்பதைவிடப் புதுசு.

தை பிறந்து கட்டுப் பிரித்ததும்
பிசியோதெரபிப் பெண் ஈரத்துண்டு ஒன்றைத் தந்து
பிழியுங்கள் என்றாள்.
வினாடிக்கு நூற்றெண்பது கன அடி விட்ட கை.
துண்டிலிருந்து
ஒரு சொட்டு விழவில்லை.

மாசியில் மூன்று சொட்டு.
பங்குனியில் குணவதி எண்ணுவதை விட்டுவிட்டாள்,
நான் விடவில்லை.
கரண்டியால் தின்கிற சோற்றுக்குப் பசி அடங்குவதில்லை,
அதை அவளிடம் சொல்லி ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
சித்திரையில் துண்டு தரையை நனைத்தது.
வழுக்கி விழுந்து இன்னொரு கையையும் ஒடிச்சுக்குங்க
என்றபடி துடைத்தாள்.
அன்றைக்குப் பாயசம் வைத்திருக்கலாம்.

வைகாசி முழுக்க ஆபீசில் இலகுவேலை.
தபாலுக்கு முத்திரை குத்தினேன், தலைக்கு மேலே ஃபேன்.
அலமாரி நிறைய ஆறுகள்,
எல்லாம் கயிறு கட்டி.

ஆனியில் மதகுக்குத் திரும்பினால்
பதிவேட்டில் ஏழு மாசமும் வேறு கையெழுத்து.
கீழ்மதகு அமலோற்பவம்.
புருஷனை வெள்ளம் கொண்டுபோனபின்
அவன் வேலைக்கு வந்தவள்.
தன் மதகு, என் மதகு,
நடுவே ஆறு கிலோமீட்டர் கரைமண், ஒரு பழைய ஸ்கூட்டி.
காலை ஆறு, மாலை ஆறு, நீர்மட்டம், ஷட்டர் உயரம்,
கடைசிக் கட்டத்தில் தினமும்
'குறிப்பு: இல்லை.'
என் கை ஒடிந்த மறுநாள் காலையிலும்
'குறிப்பு: இல்லை.'
கைப்பிடியில் மட்டும்
பாவாடைத் துணி சுற்றியிருந்தது,
சின்னக் கை வழுக்காமலிருக்க.

கல்லணை திறந்த ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது.
முன்னால் நுரை,
நுரைக்கும் முன்னால் செருப்பு, பாட்டில்,
பிளாஸ்டிக் நாற்காலியின் ஒற்றைக் கால்.
கைப்பிடியைத் தொட்டேன்.
கைக்கு முன்னால் வயிறு பின்வாங்கிவிட்டது.
கடைமடையிலிருந்து பைக்கில் வந்தவர்
ஏன்யா சாமி கும்பிடுறியா என்றார்.

ஸ்கூட்டியை நிறுத்தினாள் அமலோற்பவம்.
கைகொடுக்க வரவில்லை.
பாலத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு
"சுத்துங்க, நான் எண்றேன்."

ஒன்பதில் நின்றேன்.
அவளும் ஒன்பதிலேயே நின்றாள்,
வெயில் எங்கள் இருவர் மேலும் நின்றது.
பிறகு பத்து.
பதினேழில் அவள் போன் அடித்தது.
குழம்பை இறக்கி வையுடி என்று மகளிடம் சொல்லிவிட்டு
"இருபத்தி நாலு" என்றாள்.
நடுவில் ஆறேழு சுற்றை யார் எண்ணினார்கள்
என்று நான் கேட்கவில்லை.
கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

கையை உதறும்போதுதான் பார்த்தேன்:
பூட்டு புதுசு. வெல்டிங் தழும்பு இன்னும் கறுப்பாக.
"மூணு மனு போட்டேன்," என்றாள்,
"நாலாவதுக்குக் காகிதம் இல்ல.
கூத்தாநல்லூர்லேர்ந்து வெல்டரைக் கூட்டியாந்துட்டேன்."
ஸ்கூட்டியை உதைத்தாள், மூன்றாம் உதைக்குக் கிளம்பியது.

மாலை ஆறு. நீர்மட்டம் மூன்றடி இரண்டங்குலம்.
என் மூன்று, கொக்கு சாய்ந்தாற்போல் இருந்தது.
குறிப்புக் கட்டத்தில்,
கோடு தாண்டி ஓரம் வரைக்கும்,
'மூன்றாம் ஷட்டர் பூட்டு மாற்றப்பட்டது.
மாற்றியவர் அமலோற்பவம், கீழ்மதகு.'

எந்த எஸ்டிமேட்டில் என்று நாளைக்கு இஞ்சினியர் கேட்பார்.
கேட்கட்டும்.
வெல்டர் கூலி எவ்வளவு என்று
அவளிடம் கேட்க
நான்தான் மறந்துவிட்டேன்.